ஆட்டுக்கு டிக்கெட்

ராக்கன் கோலை ஓங்கியபோது செவந்தி குறுக்கே வந்து வெண்கலச் சேகண்டியைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்க மாமா. அப்பா இன்னும் முடிக்கல."

அப்பா ஆண்டிச்சாமி பாடையில் கிடந்தார். விடியற்காலையில் போன உயிர். இனி எதை முடிப்பது என்று கூட்டம் விழித்தது. ராக்கனுக்கு மட்டும் விளங்கிவிட்டது.

ஊரில் இருப்பது ஒரே சேகண்டி. சாவில் பாடை தூக்கும்போது அடிப்பதும் அதுதான், பங்குனித் திருவிழா விகடப் போட்டிக்கும் அதுதான். மேடையில் யார் வேண்டுமானாலும் ஏறலாம்; கூட்டம் சிரிக்காவிட்டால் ராக்கன் ஓங்கி ஓர் அடி போடுவார், இறங்கிவிட வேண்டும். பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டில் வெற்றிலைக் கடை வைத்திருந்த ஆண்டிச்சாமி பதினோரு வருஷம் விடாமல் ஏறினார். ஆடு பஸ்ஸேறிய கதை. மனுஷன் வெறுங்கையால் கைப்பிடி சுற்றிக் காட்டி, பழைய பஸ் மாதிரி இருமி, உறுமி வண்டியைக் கிளப்புவதற்குள் 'டங்' விழுந்துவிடும். ஆடு ஏறியதை ஊர் பார்த்ததே இல்லை. வீட்டில் செவந்திதான் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள்.

நேற்று மத்தியானம்கூடக் கஞ்சியை ஒதுக்கிவிட்டு, "வர்ற பங்குனிக்கு வண்டி கெளப்புறதச் சுருக்கிப்புடுறேன் ஆத்தா" என்றார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பொணத்துக்கு முன்னால பொட்டப்புள்ள கூத்தா கட்டுறது?" என்றார் பெரியப்பா அழகுமலை.

"ஒப்பாரி வைக்கலாம்னா இதயும் வைக்கலாம் பெரியப்பா."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வண்டி கிளப்பவே இல்லை; நேராக ஆட்டை ஏற்றினாள். ஆட்டுக்காரி ஆனாள். செக்கிங் இன்ஸ்பெக்டரும் ஆனாள்.

"ஆட்டுக்கு டிக்கெட் எங்கம்மா?"

"வாங்குனேன் சாமி, அதத் தின்னுபுடுச்சு."

"எந்த ஊர்ல ஏறுச்சு?"

"என்னைய நம்ப மாட்டீங்க. அதையே கேளுங்க."

செவந்தி கழுத்தை நீட்டினாள். அப்பாவின் குரலே வந்தது.

"மே...ஏ...ஏ..."

"கேட்டுக்கிட்டீங்களா? மேலத்தானியமாம்!"

மேலத்தானியம் அடுத்த ஊர்தான். கூட்டத்தில் பாதிப்பேர் அந்த ஊர் பஸ்ஸில்தான் வந்திருந்தார்கள். முதலில் அம்மா அமராவதிக்குத்தான் சிரிப்பு வந்தது, அழுத வாயோடு. பிறகு பெண்கள். அழகுமலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது.

செவந்தி கண்ணைத் துடைத்தாள். "இப்ப அடிங்க மாமா."

ராக்கன் கோலை இடுப்பில் செருகினார்.

"கூட்டம் சிரிச்சா அடிக்கிறதில்ல ஆத்தா."

பாடை தெருமுனையைத் தாண்டும்வரை சேகண்டி அவர் கக்கத்திலேயே இருந்தது.