கரிவலம் கிணற்றில் ஒரு முழுக்கு

முன்னால் போன மூன்று பைக்குகளும் கரிவலம்வந்தநல்லூர் தாண்டியதும் சட்டென்று மண்பாதையில் இறங்கின. பிரேமலதா ஸ்கூட்டியின் பிரேக்கை அழுத்தினாள். பின்னால் வந்த ராஜபாளையம் பஸ் ஹார்னாலேயே திட்டிவிட்டுக் கடந்தது. நல்லவேளை, பைக்கில் இருந்த யாரும் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் சேலைத் தலைப்பால் முகத்தைச் சுற்றி, கணவனின் ஹெல்மெட்டைக் கவிழ்த்திருந்தவளை சர்ச் வாலிபர் ஐக்கியத்தின் ஆலோசகர் அக்கா என்று கண்டுபிடித்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிக் கிளம்பிய பிள்ளைகள். வீடு சங்கரன்கோவிலில் இருக்க, இங்கே என்ன சோலி? ஆளுக்கொரு பை வேறு. பையில் மாற்றுத் துணியும் துண்டும் இருந்ததைக் காலையில் வேதக்கோயில் வராந்தாவில் அவளே பார்த்துவிட்டாள்.

மாற்றுத் துணி, துண்டு. அதனால்தான் பின்னாலேயே கிளம்பினாள்.

செல்போன் அதிர்ந்தது. சபைக் கமிட்டிச் செயலர் வெள்ளத்துரை.

“என்ன தங்கச்சி, பின்னாலயே போறியா, கோட்டை விட்டுட்டியா?”

“போறேன் அண்ணாச்சி. மண்பாதையில இறங்குதாங்க.”

“நான் சொன்னப்ப நம்புனியா? செல்வக்குமார் தங்கமான பையன்னு என்கிட்ட சண்டைக்கு வந்த. உன் தங்கம் முங்குத அழகை இப்ப கண்ணாரப் பாரு.”

“பாக்காம பேசாதீங்க. பாத்துட்டு சொல்லுதேன்.”

“சொல்ல வேண்டாம், வீடியோ எடு. சாயங்காலம் கமிட்டில ஐயர் முன்னால போட்டுக் காட்டி, ஐக்கியத்தை இன்னைக்கே கலைச்சிருவோம். கீத பவனியும் கிடையாது, கிறிஸ்மஸ் நாடகமும் கிடையாது. நம்ம பிள்ளைகளை எவனோ வாரிட்டுப் போறதுக்கு நாம டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் குடுக்கணுமாக்கும்.”

போன் அடங்கியது.

கைக்குழந்தையாக இருந்தபோதே சபைப் போதகரான ஐயர் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகள் இவர்கள். அப்படிப்பட்டவர்கள் வளர்ந்தபின் வேறொரு பாஸ்டரிடம் போய் ஆற்றிலோ கிணற்றிலோ முழுக்கு எடுத்தால், சபையைப் பொறுத்தவரை போனவர்கள் போனவர்கள்தான். ராஜபாளையம் ரோட்டில் புதிதாக முளைத்த தகர ஷெட் ஜெபவீட்டுக்கு ஏற்கெனவே நான்கைந்து குடும்பங்கள் போயாயிற்று. தூசி படிந்து கிடந்த ஐக்கியத்தை வீடு வீடாக ஏறி இறங்கி மறுபடி எழுப்பியவள் பிரேமலதா. செல்வக்குமாரைத் தலைவனாக்க கமிட்டியில் மல்லுக்கு நின்றவளும் அவள்தான். அவனே பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போகிறான் என்றால், இனி இந்தச் சபையில் யாரும் வாலிபர் என்ற பேச்சையே எடுக்க முடியாது.

ஸ்கூட்டியை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். பருத்திக்காட்டு வரப்பில் குனிந்தபடி நடந்தாள். பம்ப்செட் அறை. அதையொட்டிப் பெரிய கிணறு. ஐப்பசி மழையில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தது.

அறைச் சுவரோடு ஒட்டி நின்று எட்டிப் பார்த்தாள்.

இடுப்பளவு தண்ணீரில் படியில் செல்வக்குமார் நின்றான். எதிரே ஒரு பையன் மார்பில் கை கட்டிக் கண்ணை மூடியிருந்தான். செல்வக்குமார் அவன் தலையில் கை வைத்து அப்படியே தண்ணீருக்குள் அமுக்கினான்.

பிரேமலதாவின் கைபேசி எல்லாவற்றையும் பதிவு செய்தது. பாவி, ஏமாத்திட்டியேலே!

பையன் திமிறி எழுந்து மூக்கைச் சிந்தினான்.

“எத்தனை தடவைடே சொல்லுதது? மூச்சை உள்ள இழுக்காத, வெளிய ஊது,” என்றான் செல்வக்குமார்.

மறுபக்கம் சுடிதாரோடு இரண்டு பெண்பிள்ளைகள், முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு தண்ணீரை அடித்துத் துவைத்தார்கள். மேலே கயிற்றைப் பிடித்திருந்த கிணற்றுக்கார மாரிசெல்வி அதட்டினாள். “காலை அடிட்டி. மாவாட்டவா வந்த?”

பிரேமலதா கைபேசியை இறக்கினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஹெல்மெட்டோடு அவள் வெளிப்பட்டதும், கிணற்றில் சத்தம் நின்றது.

“நீச்சலா படிக்கீங்க?”

“ஆமாக்கா,” செல்வக்குமார் படியேறி வந்தான். “போன ரிட்ரீட் கேம்புக்கு நீங்க வரல. அங்கன கண்மாய்ல ஜெனிட்டா வழுக்கி விழுந்துட்டா. கரையில அத்தனை பேர் நின்னோம், ஒருத்தனுக்கும் நீந்தத் தெரியல. ஜெபந்தான் பண்ணினோம். ஆடு மேய்ச்ச அண்ணாச்சி ஒருத்தர் குதிச்சுத் தூக்கினாரு. எங்களுக்கு வெக்கமாப் போச்சு.”

“இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“பொம்பளப் பிள்ளைக கிணத்துல குதிக்குன்னா வீட்ல விடுவாங்களா?”

“சரி விடு. வெள்ளத்துரை அண்ணாச்சி தப்பா நினைச்சிட்டாரு. இந்த வீடியோவ இப்பவே அனுப்புதேன். பாத்தா வாயை மூடிக்கிடுவாரு.”

ஒருவர் முகத்திலும் நிம்மதி வரவில்லை. செல்வக்குமார் தலையைக் குனிந்தான்.

“அனுப்பிப் பிரயோஜனம் இல்லக்கா. நாங்க இங்க நீச்சல் படிக்கோம்னு அவருக்குத் தெரியும்.”

பிரேமலதாவுக்குச் சுரீரென்றது. “தெரியுமா? பெறகு எதுக்குலே முழுக்குன்னு ஊரைக் கூட்டுதாரு?”

மாரிசெல்வி கயிற்றைச் சுருட்டுவதில் மும்முரமானாள்.

“செல்வம், சாயங்காலம் ஐக்கியத்தைக் கலைக்கப் போறாங்க. இப்பவும் வாயைத் திறக்க மாட்டியா?”

“சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கோம்க்கா. அவர் அழுதாரு. அவர் சம்சாரம் அத்தை உடம்பு சரியில்லாம கிடக்காங்கள்ல, அவங்க பிழைக்கணும்னுதான்னாரு... கேக்காதீங்க. கலைச்சாக் கலைச்சுட்டுப் போட்டும்.”

கைபேசி மறுபடி அதிர்ந்தது. திரையில் வெள்ளத்துரையின் பெயர்.

கேனை அவிழ்த்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட ஜெனிட்டா முன்னால் வந்தாள்.

“நான் சத்தியம் பண்ணலக்கா. அவர் இவங்ககிட்ட சத்தியம் வாங்குனப்ப நான் பம்ப்செட் ரூமுக்குள்ள துணி மாத்திக்கிட்டு இருந்தேன். ஜன்னல் வழியாப் பாத்தேன். நாங்க வெளிய சொன்னாலும் யாரும் நம்பக்கூடாதுன்னுதான் இப்ப எங்க மேல முழுக்குப் பழியப் போடுதாரு. போன வாரம் நாங்க வந்தப்ப இந்தக் கிணத்துல ஏற்கெனவே ஆள் நின்னாங்க. தகர ஷெட் பாஸ்டர் கையப் பிடிச்சுக்கிட்டு, வெள்ளை வேட்டியோட முங்கி எந்திரிச்சது வெள்ளத்துரை அண்ணாச்சிதான்.”