பார்க்காமல் விட்ட காற்று

விமான விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரி அறையை விட்டு வெளியே போனபோது, போன உயிர் பல் டாக்டருக்குத் திரும்பி வந்தது. வந்த உயிர் நிற்க இடமில்லாமல் தவித்தது. மச்சான் புறப்படும் முன் காற்று நிலவரத்தைப் பார்த்தார், நானே பக்கத்தில்தான் நின்றேன் என்று, வலது கை முழுக்கக் கட்டுடன் கட்டிலில் சாய்ந்திருந்த அவருடைய தங்கையின் கணவர் சற்று முன்தான் அதிகாரியிடம் சொல்லியிருந்தார். பச்சைப் பொய்.

டாக்டர் பார்க்கவில்லை. இந்த முறை போகக் கிளம்பிய கடற்கரை ஊருக்கே போன மாதம் தன் சின்ன விமானத்தில் ஒரு மணி நேரத்தில் போய் இறங்கியவர். அன்று காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. அதே கணக்கை நம்பி, அதே அளவு எரிபொருளோடு கிளம்பிவிட்டார். பெட்ரோல் போதுமா என்று கூட வந்த மாப்பிள்ளை கேட்டதற்கு, உங்க மரக்கடை வண்டி மாதிரி நடுவழியில தள்ளச் சொல்ல மாட்டேன் என்று கேலி வேறு. வழியெல்லாம் எதிர்க்காற்று. ஊருக்குப் பத்து நிமிடம் இருக்கையில் என்ஜின் இருமி நின்றது. சோளக்காட்டில் இறக்கினார், வரப்பில் இடித்து விமானம் பக்கவாட்டில் சரிந்தது. டாக்டருக்கு நெற்றியில் ஒரு கீறல். நாற்காலியும் அலமாரியும் செய்து பிழைக்கிற மாப்பிள்ளைக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டார்.

"விமானம் ஓட்டுற உங்க லைசென்ஸ் போனா என் விரல் முளைச்சிடுமா? விடுங்க மச்சான்."

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"அவளுக்கு மட்டும் தெரிய வேணாம். அண்ணன்னா அவளுக்கு உசிரு."

கணவரை வீட்டுக்கு அழைத்துப் போக மாற்றுச் சட்டையோடு தங்கை வந்தாள். இவரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்துவிட்டாயே அண்ணா என்று எட்டு நாளாகச் சொல்வதையே இன்றும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அது சூடு போட்டது போலிருந்தது அவருக்கு. கணவருக்குச் சட்டையை மாட்டி, மேலிருந்து பொத்தான் போடத் தொடங்கினாள்.

தினமும் இருபது பேரை வாயைத் திறக்கச் சொல்கிறவருக்குத் தன் வாயைத் திறக்க வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"காத்து நிலவரத்த நான் பாக்கவே இல்லம்மா," என்றார். "பாத்திருந்தா இன்னும் பெட்ரோல் போட்டிருப்பேன். மாப்பிள்ளை எனக்காகப் பொய் சொல்லிட்டாரு. அந்த ஆபீசர்கிட்டயும் போய்ச் சொல்லப் போறேன்."

மூன்றாவது பொத்தானில் அவள் கை நின்றது. கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. கையை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போய், மருந்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். கட்டிலில் அவள் கணவர் குனிந்து, பழக்கமில்லாத இடது கையால், அந்தப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.