வீல் கப்பின் பின்பக்கம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். உறையூரில் பெயிண்டிங் பட்டறை நடத்தும் பொம்பளைக்கு அது இல்லாவிட்டால் பிழைக்க முடியாது. வருகிறவனெல்லாம் என்னிடமே, "ஓனர் இல்லையா?" என்று கேட்பான். "போர்டுல ஜென்சின்னு இருக்குல்ல, நாந்தான் அது" என்று வெடுக்கென்று சொல்லிச் சொல்லியே இப்படி ஆகிவிட்டேன். அந்த வாய்தான் இந்தத் தடவை ஒரு வயதான மனுஷியின் காலை வாரிவிட்டது.

ஸ்ரீரங்கத்து ரெங்கராஜ் சார் ரிட்டயர்டு வாத்தியார். அவருடைய அப்பா ஓட்டிய கறுப்பு ஆஸ்டின் காரை என்னிடம் விட்டிருந்தார். பழைய கார் ஊர்வலத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம். எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும், சக்கரத்து ரிம் உட்பட. ரிம்மில் இருந்த சில்வர் யாரோ பின்னால் அடித்தது. இந்த மாதிரி வேலைக்கு நான் முதலில் ஓரிடத்தில் காசு அளவுக்கு வாட்டர் பேப்பரால் மெதுவாகத் தேய்த்துப் பார்ப்பேன். வெங்காயம் உரிக்கிற மாதிரி அடுக்கடுக்காக நிறம் தெரியும். கடைசி அடுக்குதான் வண்டி வந்தபோது இருந்த கலர். அதைப் பார்த்து வைத்துக்கொண்ட பிறகுதான், மணல் அடித்துப் பழைய பெயிண்டையெல்லாம் எடுக்க ரிம்மை அனுப்ப வேண்டும்.

வேலை நெருக்கடியில் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். எல்லா ரிம்மும் வெறும் இரும்பாகத் திரும்பி வந்தன. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சார் வந்து நின்றார். கூடவே அவருடைய அக்கா குமுதவல்லி அம்மா.

"ஒரிஜினல் கலர் என்னன்னு பாத்தீங்களாம்மா?" என்றார் சார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா சொன்னார்: "பாக்கறதுக்கு என்னடா இருக்கு, செவப்புதான். நல்ல குங்குமச் செவப்பு. ஆயுத பூஜைக்கு நாந்தானே பொட்டு வப்பேன்? குங்குமம் வச்சா சக்கரத்துல தெரியவே தெரியாது. அதனால சந்தனத்தப் பெருசா அப்பிடுவேன். அப்பா சிரிப்பாரு."

"இல்லக்கா, கிரீம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். 'மறந்துட்டேன் சார், பாக்கல' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் பழைய கார் வேலையில் என்னை அடிச்சுக்க ஆளில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். வெட்டிக் கௌரவம் விடவில்லை. வண்டி சாருடையது, அதனால் அவர் பக்கம் சாய்ந்தேன்.

"கிரீம்தான் சார். நல்லாத் தெரிஞ்சுது."

"பாத்தியாக்கா? போன வாரம் பால அடுப்புல வச்சிட்டுத் தூங்கிட்டே. பீரோ சாவிய ஃப்ரிஜ்ஜுல வச்சிருந்தே. இப்ப இது. நான் ஏதாவது சொன்னா மட்டும் சண்டைக்கு வரே."

அந்த அம்மா குனிந்து ஒரு ரிம்மைத் தடவினார். "அப்ப அதுவும் போச்சா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கிரீம் அடித்தேன். நன்றாகத்தான் வந்தது. வேலை பார்க்கிற பையன்கள் பாராட்டினபோது எரிந்து விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் 'என் பாவமே' என்று மார்பில் தட்டிக்கொள்ளும்போது அந்த அம்மா இரும்பைத் தடவின கைதான் கண்ணில் நின்றது. யார் கண்டது, கிரீமாகவே இருந்திருக்கலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அந்தக் குங்குமக் கதையை யாரும் இட்டுக்கட்ட முடியாது என்று எனக்குத் தெரியும்.

ரிம்மைப் பார்க்க வந்த சார் வாயெல்லாம் பல்லாக இருந்தார். "உங்களுக்குத்தாம்மா தேங்க்ஸ் சொல்லணும். அடுத்த தெருவுல அக்காவுக்குத் தனி வீடு. தனியா இருக்காதக்கா, எங்களோட வந்துடுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கவே இல்ல. அன்னிக்கு நீங்க சொன்னப்பறம் தானா வீட்டுச் சாவியக் கொண்டாந்து குடுத்துட்டா. இப்பல்லாம் எதுக்குமே எதிர்த்துப் பேசறதில்ல."

அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். "நல்லது சார்" என்றேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அவர் போன பிறகு வீல் கப்பைத் துடைக்க எடுத்தேன். ரிம்முக்கு நடுவில் மூடியாக மாட்டுகிற பளபளப்பான கிண்ணம். அதை மணல் அடிக்க அனுப்பியிருக்கவில்லை. பின்பக்கம் திருப்பினேன். ரிம்மோடு அழுந்தியிருந்த விளிம்பில், சில்வருக்கும் முன்னால் முதன்முதலில் அடித்த பெயிண்ட் ஒட்டிக் காய்ந்து கிடந்தது. மற்றவற்றையும் அவசரமாகத் திருப்பினேன். எல்லாவற்றிலும் அதே கலர். நல்ல குங்குமச் சிவப்பு.

ஒரு கப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். காவிரிப் பாலத்தில் திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. சனியனே, பேசத் தெரிந்த வாய்க்கு இதையும் சொல்லத் தெரியட்டும் என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

சார் வீட்டு ஹாலில் குமுதவல்லி அம்மா நாற்காலியின் நுனியில், யார் வீட்டுக்கோ வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். சார் உள்ளே குரல் கொடுத்து எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்று நின்றபடியே சொன்னேன்.

"அம்மா, நான் அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். ரிம்ம நான் தேச்சுப் பாக்கவே இல்ல. மறந்துட்டேன். அத மறைக்கக் கிரீம்னு சொன்னேன். நீங்க சொன்னதுதாம்மா சரி. இந்தாங்க, இதப் பாருங்க."

சாரின் முகம் சுண்டிப்போனது. "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார்.

"திட்டுங்க சார். நல்லாத் திட்டுங்க. ஆனா அம்மாவுக்கு அவங்க வீட்டுச் சாவியத் திருப்பிக் குடுத்துடுங்க."

அந்த அம்மா வீல் கப்பை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விளிம்பில் இருந்த சிவப்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலைப் பார்த்தார். மறுபடியும் விளிம்பைப் பார்த்தார். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று என்னை நாலு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் தேவலை என்றிருந்தது.

அவர் கப்பைத் தம்பியிடம் நீட்டினார்.

"எனக்குச் செவப்பாத்தான் தெரியுது. ரெங்கா, நீ பாத்துச் சொல்லேன். இது என்ன கலரு?"