பத்து அடிக்கு எவ்வளவு

"இப்பவே நிறுத்துங்க!" என்று கத்தினாள் பிரேமலா. வீட்டுக்குப் பின்னால் கட்டட வேலைச் சுத்தியல் போட்ட போட்டில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வீட்டுச் செருப்போடு பின்சந்தைத் தாண்டி வந்து, தகரவேலியின் இடைவெளியில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள்.

சூப்பர்வைசர் ரூபேந்திரன் சேற்றில் தத்தித் தத்தி வந்தார். "என்னாச்சுக்கா?"

"அப்பாவுக்கு ரொம்ப முடியல. இன்னைக்குத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போற நேரத்துலயாவது அமைதியாப் போகட்டும்."

அவர் திரும்பி, அஸ்திவாரத்துக்காக மண்ணுக்குள் பாதி இறங்கியிருந்த கான்கிரீட் தூணை, அந்தப் பைலைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு மீட்டர்தான்க்கா. முடிச்சிட்டு நிறுத்துறேனே."

"அதுக்குள்ள போயிட்டாருன்னா?"

ரூபேந்திரன் மெஷின் ஓட்டுபவரைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். ஏழு டன் சுத்தியல் அப்படியே நின்றது.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் அந்த வரிசை வீடுகளின் மேல் பகல் இரண்டு மணி வெயில் அசையாமல் கிடந்தது. ஒன்பது நாளாக வீட்டுத் தரை வழியே உள்ளங்காலில் ஏறிய அதிர்வு இல்லாமல், பிரேமலாவுக்கு நடப்பதே மிதப்பது போலிருந்தது. வீடுகூடத் தரையிலிருந்து கொஞ்சம் கழன்றுவிட்டதோ என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

அவள் அப்பா ஐயாசாமி நாற்பது வருடம் பைலிங் வேலை பார்த்தவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. ஒன்பது நாளுக்கு முன், பின்னால் இருந்த காலி மனையில் கடைவரிசைக்கு முதல் பைலை அடித்தபோது, படுக்கையில் கிடந்தவர் வாயைத் திறந்து "ஒண்ணு" என்றார். அடுத்த அடிக்கு "ரெண்டு" என்றார். அம்மா தனலெட்சுமி சமையலறையில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

அன்றிலிருந்து பேச்சுத்தான். கண்ணை மூடிக்கொண்டே நாற்பது வருடத்தையும் சுற்றி வந்தார். மூன்று கால் சட்டமும் வின்ச்சும் வைத்து, இரும்புக் குண்டை மேலே இழுத்து இழுத்துப் போட்டு, சதுப்பில் பக்காவ் மரக் கட்டைகளை இறக்கிய நாட்கள். பிறகு டீசல் சுத்தியல். அதன் எண்ணெய்ப் புள்ளி படாத சட்டை அவரிடம் ஒன்றுகூட இருந்ததில்லை. "மண்ணு எதிர்த்து நின்னாத்தான் டீசல் வெடிக்கும். சும்மா சேறுன்னா நம்ம மெஷினு தூங்கிரும்," என்று சொல்லிச் சிரித்தார். ஹைட்ராலிக் சுத்தியல் வந்தபோது புகை போனது, சத்தம் மட்டும் போகவில்லை.

மனைவியை 'தனா' என்று சரியாகக் கூப்பிட்டார். மகளைத்தான் தெரியவில்லை. அவளை 'மூர்த்தி' என்றார். மூர்த்தி அவரோடு முப்பது வருடம் வேலை செய்தவர். பைலின் அடியில் குந்தியிருந்து, அதில் ஒட்டிய தாளின் மேல் பென்சிலைப் பிடித்து, சுத்தியலின் பத்து அடிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று கோடு போட்டு 'செட்டு' சொல்கிற ஆள். அவர் இறந்து மூன்று வருடமாகிறது.

"நான் பிரேமாப்பா," என்பாள்.

"சரி மூர்த்தி," என்பார்.

சிங்கப்பூர் வேலைக்குச் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவர் பிழைப்பார் என்ற நம்பிக்கை இல்லை. போவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். நாற்பத்து நாலு வயதில் இது சின்னப்பிள்ளைத்தனம் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அது வேண்டும். இந்தச் சத்தம்தான் அவரை அந்தப் பழைய காலத்திலேயே பிடித்து வைத்திருக்கிறது, நின்றால் தன்னிடம் வருவார் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

வந்து பார்த்தால் அவர் கண் திறந்திருந்தது. மூச்சு தாறுமாறாக ஓடியது. விரல்கள் போர்வையைப் பிராண்டின.

"யாரு நிறுத்துனது? பாதியில நிறுத்தாதடா. மண்ணு புடிச்சிக்கும். அப்புறம் எவ்ளோ அடிச்சாலும் எறங்காது."

"அப்பா, நான் பிரேமா. இங்க பாருங்க."

அவர் பார்க்கவில்லை. கூரையைத் தாண்டி எதையோ பார்த்தார். நெற்றி முழுக்க வியர்வை.

"நீதானே போய் நிறுத்துன?" என்றாள் தனலெட்சுமி. "போ. போயி அடிக்கச் சொல்லு."

"அம்மா, கொஞ்ச நேரம் இருந்தா என்னை..."

"அவரு தவிக்கிறாருடி."

பிரேமலாவுக்கு அழுகை முட்டியது. கோபமும்தான். எழுந்து மறுபடி பின்சந்துக்குப் போனாள்.

"அலமாக்!" என்று தலையில் கைவைத்தார் ரூபேந்திரன். "இப்பத்தானேக்கா நிறுத்தச் சொன்னீங்க?"

"மண்ணு புடிச்சிக்கும்னு சொல்றாரு."

அவர் முகம் மாறியது. "உங்கப்பா இந்த வேலையா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் திரும்பிக் கை காட்டினார்.

சுத்தியல் விழுந்தது. அரைமணி நேரத்தில் மண் இறுகியிருந்தது. முதல் அடிகளுக்குப் பைல் அசையவே இல்லை. பிறகு நகர்ந்தது. அறையில் தம்ளர் தண்ணீரில் வட்டங்கள் தோன்றித் தோன்றி அழிந்தன. ஐயாசாமியின் மூச்சு அடிகளோடு சேர்ந்துகொண்டது. போர்வையை விட்டன விரல்கள். வெயில் சன்னலிலிருந்து சுவருக்கு ஏறியது. பிரேமலாவுக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு மயக்கம். இந்த அறை, அப்பா, அம்மா, தான் எல்லோரும் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, மென்மையான எதற்குள்ளோ இறங்கிக்கொண்டிருப்பது போலிருந்தது.

சத்தம் மாறியது. பைல் கெட்டி மண்ணைத் தொட்டு, கல்லைத் தட்டுவது போல் ஓர் எதிரொலி.

"பத்து," என்றார் அப்பா. "எவ்ளோ?"

தலையைச் சற்றே திருப்பினார்.

"செட்டு எவ்ளோடா?"

தனலெட்சுமி மகளைப் பார்த்தாள். பிரேமலா கதவைப் பார்த்தாள். போனால், திரும்புவதற்குள் முடிந்துவிடலாம். பக்கத்தில் இருப்பதற்காகத்தானே இத்தனை நாள் இருந்தாள்? ஆனாலும் ஓடினாள். ஒரு செருப்பு சந்திலேயே கழன்றது.

ரூபேந்திரன் பைலில் ஒட்டிய தாளில் குனிந்து கோட்டை அளந்துகொண்டிருந்தார். "எவ்ளோ?" என்று அங்கிருந்தே கத்தினாள். "பதினெட்டுக்கா! இருபத்தஞ்சுக்குள்ள இருந்தாப் போதும்!"

திரும்பி வந்தபோது அப்பா உயிரோடு இருந்தார். உதடு மட்டும் அசைந்தது. அவள் வலது கையைப் பற்றிக்கொண்டார்.

"மூர்த்தி?"

நான் பிரேமாப்பா என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினாள்.

"ஆமாண்ணே," என்றாள். "பதினெட்டு."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேண்ணே. எறங்கிருச்சி. போதும்."

"அப்ப சரி," என்றார் ஐயாசாமி.

வெளியே கிரேன் அடுத்த குறிக்கு நகர்ந்து போகிற சத்தம் கேட்டது. அது நின்ற பிறகு, அறையில் மூச்சுச் சத்தம் இரண்டு பேருடையதுதான் என்பதைத் தனலெட்சுமிதான் முதலில் கவனித்தாள். எழுந்து சாமி அறைக்குப் போனாள். விபூதித் தட்டோடு வந்து, கணவர் நெற்றியில் பூசிவிட்டு, தட்டை மகளிடம் நீட்டினாள்.

பிரேமலாவின் வலது கை இன்னும் அவர் பிடிக்குள் இருந்தது. அவள் இடது கையால் விபூதியை எடுத்தாள். தனலெட்சுமி தட்டைக் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்திப் பிடித்தாள்.