மூஸா அண்ணனுக்கு எவ்வளவு முடி

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் ஒரு வழுக்கைத் தலை. கொஞ்சம் கௌரவமாகத் தொடங்கலாமென்று இரண்டு நாள் முக்கிப் பார்த்தேன். கிழித்துப் போட்ட தொடக்கம் இது:

'2004. நன்னிலத்து வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று ஃபஹ்மிதா...'

[சும்மா இரு, வானதி, என்று என்னையே அதட்டிக்கொண்டேன். ஃபஹ்மிதா வீட்டில் தண்ணீர் குழாயில்தான் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி எழுதினால் வாய்க்கால் ஓடியே ஆகணுமா?]

2

ஃபஹ்மிதா என் சிநேகிதி. கல்யாணமாகி ஆறாம் மாதம் அவள் புருஷன் ஹஸ்ஸான் துபாய் போனார். மூன்று வருடமாக லீவு கிடைக்கவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது.

அதில் அவள் படம் போடக் கற்றுக்கொண்டாள். மவுஸைப் பிடித்து ஒவ்வொரு புருவமயிராக வரைவாள். தெருவில் பாதி வீட்டுப் பெருநாள் போட்டோவில் பிள்ளைகளோடு அத்தா இருக்கமாட்டார், வெளிநாட்டில் இருப்பார். அந்தக் காலி இடத்தில் அவரை வரைந்து உட்காரவைத்து, திருவாரூரில் கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கலாமென்பது அவள் யோசனை. முதல் படத்தைப் பக்கத்துத் தெரு நஃபீசா அக்காவுக்கு இனாமாகக் கொடுத்தாள். அதைப் பார்த்து மூன்று பெண்கள் வந்து, "எவ்வளவுன்னு சொல்லும்மா, காசு குடுத்தே வாங்கிக்கிறோம்" என்றார்கள்.

"காசை வாங்கேன்டி, கசக்குதா?" என்றேன் நான்.

"வாங்கினா துபாய்லேர்ந்து அவங்களை வந்துடச் சொல்லிடலாம். இங்கயே கடை போட்டுப் பொழைச்சுக்கலாம்." அவள் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "ஆனா ஊர் ஆம்பளைங்க வராத வரைக்கும்தானே எனக்கு வியாபாரம்? அத்தனை வீட்லயும் ஆள் இல்லாததை வச்சு, என் ஆளை மட்டும் நான் கூப்பிட்டுக்கறதா?"

[இவ்வளவு கோர்வையாகப் பேசினாளா என்று கேட்காதீர்கள். நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனதை விட்டுவிட்டேன்.]

அந்த அறையின் சூடும், மானிட்டர் அணைந்ததும் அவள் போடும் "ச்சே!"யும் இப்போதும் எனக்கு வேண்டும் போலிருக்கிறது.

3

நஃபீசா அக்காவின் புருஷன் மூஸா அண்ணனும் துபாய்தான். ஹஸ்ஸானும் அவரும் ஒரே அறை. ஐந்து வருடம் கழித்து அவர் லீவில் வந்தார். கார் வந்து நின்றபோது தெருவே வாசலில் நின்றது. அவர் போன பிறகு பிறந்த மகள் பாத்திமாவுக்கு அப்போது நாலு வயசு. அவரை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். சுவரிலிருந்த படத்தைக் காட்டி, "எங்க அத்தா இவங்க. அவங்க யாரோ" என்றாள்.

படத்தில் இருந்தவருக்கு நெற்றி நிறையச் சுருட்டை முடி. ஃபஹ்மிதா கல்யாண போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்திருந்தாள். வந்தவருக்கோ காதோரம் மட்டும் கொஞ்சம்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஃபஹ்மிதா வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டருக்கு உறை போட்டு மூடினாள். "காசாவது கத்தரிக்காயாவது. ஒரு புள்ளைக்கு அத்தாவை அந்நியமாக்கிட்டேன்டி."

[அவள் உள்ளம் சுக்குநூறாக... வேண்டாம். அழுதாள். அவ்வளவுதான்.]

4

மூன்றாம் நாள் காலையில் மூஸா அண்ணன் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்தார். நானும் இருந்தேன். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், அவர் விடவில்லை.

"புள்ள இன்னும் கிட்ட வரலம்மா. இதுல முடிய எடுத்துடு."

"இப்ப இருக்கற மாதிரியே போட்டுடறேண்ணே."

"இப்ப இருக்கற மாதிரி வேணாம்." தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "அடுத்த லீவுக்கு இன்னும் மூணு வருஷம் ஆவும். அதுக்குள்ள மிச்சமும் கொட்டிடும். மொத்தமா எடுத்துடு. தாடியில வெள்ளையும் கொஞ்சம் சேர்த்துடு. அப்பவாவது என்னைப் பாத்து ஓடி வரட்டும்." பிறகு, "சும்மா செய்யாதம்மா. எவ்வளவுன்னு சொல்லு" என்றார்.

ஃபஹ்மிதா சுவரில் மாட்டியிருந்த தன் கல்யாண போட்டோவைப் பார்த்தாள்.

"அண்ணே, அவங்களுக்கு இப்ப முடி இருக்கா?"

மூஸா அண்ணன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னை விடப் பரவாயில்லம்மா" என்றார்.

அவள் எழுந்து போய் உறையை எடுத்தாள். அப்புறம்தான் எவ்வளவு என்ற அவர் கேள்விக்குப் பதில் சொன்னாள்.

5

என்ன சொன்னாள்? இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் விலை சொல்கிறாள், ஹஸ்ஸான் பெட்டியோடு வந்து இறங்குகிறார். மற்றதில் "எங்களுக்காக அல்லாகிட்ட துஆ செய்ங்கண்ணே, போதும்" என்கிறாள். இரண்டையும் போனில் அவளுக்குப் படித்துக்காட்டினேன். நான் இப்போது இருப்பது சிங்கப்பூரில்.

"நல்லாத்தான்டி இருக்கு. நான் சொன்னதை மட்டும் எழுதாத" என்றாள். "எவ்வளவு கேக்கறதுன்னு அவங்கவங்க யோசிச்சுப் பாக்கட்டும். அது சரி, நீ எப்பதான் வர? உங்கம்மா வீட்டுச் சுவத்துப் படத்துல உனக்கு இன்னும் ரெட்டைச் சடைதான்."

போனை வைத்ததும் கண்ணாடியில் என் நரையைப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டபடி பதிலை எழுதவில்லை. நீங்களே சொல்லுங்கள். மூஸா அண்ணன் எதிரே நிற்கிறார், தொப்பி கையில் இருக்கிறது. எவ்வளவு கேட்பீர்கள்?