களவுக்கு மட்டும் வேண்டாம்

காப்புறுதி முகவர் துஷ்யந்தன் மடத்துவெளிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது பட்டுவிட்டது. தீவுக்கு வரும் பாலத்தில் எதிர்க்காற்று மோட்டார் சைக்கிளை நகர விடவில்லை என்று சொல்லிக்கொண்டே தலைக்கவசத்தைக் கழற்றினான். சீதேவி தன்னுடைய மாவரைக்கும் மில்லின் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"வெறிச்சோடின இடமாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான். பரவாயில்லை அக்கா, ஒழுங்கை முழுக்க வெளிச்சம். கலகலப்பாத்தான் இருக்கு."

சீதேவி தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போனாள்.

ஒழுங்கையில் ஏழு வீடுகள். ஆள் இருப்பது அவளுடைய வீட்டில் மட்டும். மற்ற ஆறும் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்களுடையவை. பூட்டுகளின் திறப்புகள் எல்லாம் அவளிடம். பொழுது சாய்கிறபோது ஒவ்வொரு வீடாகப் போய் விறாந்தை விளக்கைப் போடுவாள். நிலாந்தி வீட்டில் ரேடியோவையும் பாட விடுவாள். அரியநாயகம் அண்ணை வீட்டு வாசலில் ஒரு சோடி ஆண் செருப்பு கிடக்கும். அது ஒரே இடத்தில் கிடக்காதபடி பார்த்துக்கொள்வாள். ஊர்ச்சனத்துக்கு இது தெரியும். வெளியாருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அவள் கவலை. போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு மில்லை உடைத்து மோட்டரைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் வெளியார். பழைய இரும்பு வாங்க வந்தவர்கள் மாதிரி வந்து, எந்த ஒழுங்கையில் ஆளில்லை என்று பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அதைக் கேட்ட அன்றே சீதேவி முகவருக்குப் போன் எடுத்துவிட்டாள். மோட்டர் போனால் மில் இல்லை. மில் இல்லையென்றால், மிளகாயும் மாவும் அரைக்க வருகிற நாலு பேரும் அந்த ஒழுங்கைக்குள் கால் வைக்கப் போவதில்லை.

துஷ்யந்தன் தேத்தண்ணியை ஊதிக் குடித்தபடி விளக்கினான். எது எது வேண்டுமோ அதற்கு மட்டும் போடலாம்.

"நெருப்புக்குக் கட்டாயம் போடுங்கோ. மிளகாய் வறுக்கிற இடம். புயலுக்கும் போடுங்கோ. கார்த்திகையில கடல் எதுவரைக்கும் வருமெண்டு ஆருக்குத் தெரியும்? களவு உங்கடை விருப்பம்."

"எனக்குக் களவுக்குத்தான் முதல் வேணும், தம்பி."

"உங்களுக்கு அது லேசு. ஒஃபிசில இருந்து ஒருத்தர் வந்து மில்லைப் படமெடுப்பார். பிறகு அயலில ஆள் நடமாட்டம் இருக்கெண்டு ரெண்டு வீட்டில கேட்டுக் கையெழுத்து வாங்குவார். அவ்வளவுதான்."

"அயலில ஆள் இல்லாட்டி?"

"அயலில ஆளில்லை, ஒரு பொம்பிளை தனிய இருக்கிறா எண்டு எழுதிப் போடவேணும். காசு கொஞ்சம் கூடும். உங்களுக்கேன் அந்தக் கவலை?"

"எழுதினது எங்கை போகும்?"

"யாழ்ப்பாணத்துக்கு. அங்கையிருந்து கொழும்புக்கு."

"கனபேர் பாப்பினமோ?"

அவன் சிரித்தான். "என்னக்கா, நான் சாதகக் குறிப்பே கொண்டு போறன்? பாத்தாத்தான் என்ன?"

நல்ல பெடியன்தான். ஆனால் அவனுக்கும் ஒரு சிநேகிதன் இருப்பான். அந்தச் சிநேகிதனுக்கு வாய் இருக்கும். இன்ன ஒழுங்கையில் ஒருத்தி தனிய இருக்கிறாள், சத்தம் போட்டாலும் கேட்க ஆளில்லை. அதை அவளே எழுதி, அவளே கையெழுத்தும் வைத்துக் கொடுத்தால்தான் களவுக்குக் காப்பு. லண்டனில் இருக்கிற தம்பிக்குக்கூட அவள் அந்த வார்த்தைகளைச் சொன்னதில்லை.

"களவுக்கு வேண்டாம்," என்றாள். "மற்ற ரெண்டுக்கும் போடும்."

"இப்பதானே முதல் வேணும் எண்டனீங்கள்!"

"இவ்வளவு சனத்துக்குள்ள ஆர் வந்து களவெடுக்கிறது?"

அவனுக்கும் அது நியாயமாகப் பட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தவன், ரேடியோ பாடிக்கொண்டிருந்த வீட்டுப் பக்கம் திரும்பினான்.

"வந்தது வந்தனான், அவையளையும் ஒருக்காக் கேட்டிட்டுப் போறன்."

சீதேவி குறுக்கே வந்து நின்றாள். "வேண்டாம், தம்பி. நிலாந்தி விளக்கு வைக்கிற நேரத்தில ஒருத்தரையும் உள்ள விடமாட்டாள். கடதாசியளைத் தாரும், நான் குடுத்துக் கேக்கிறன்."

"எல்லா வீட்டுக்குமோ?"

"ஓம், எல்லா வீட்டுக்கும்."

"ஊருக்கு ஒரு ஆள் உங்களை மாதிரி இருந்தா நான் ஏன் இந்தக் காத்துக்குள்ள அலையிறன்!" என்று ஒரு கட்டுக் கடதாசியை அவள் கையில் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த கிழமை, மில்லைப் பூட்டுகிற நேரம் போன் அடித்தது.

"என்னக்கா சொல்லுகினம் உங்கடை ஆக்கள்?"

ஒருத்தருக்கும் விருப்பமில்லை என்று சொல்லி முடித்திருக்கலாம். அப்படித்தான் நினைத்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"அரியநாயகம் அண்ணை கேக்கிறார், கலவரத்தில கடை எரிஞ்சாலும் காசு குடுப்பீங்களோ எண்டு. மாத்தறையில அவரின்ரை கடை எரிஞ்சநேரம் ஒரு சதமும் குடுக்கேல்லையாம்."

"கலவரத்துக்கு வேறையாப் போடவேணும் எண்டு சொல்லுங்கோ."

"சொன்னனான். சோத்துக்கு ஒரு காசு, கறிக்கு ஒரு காசு எண்டு வாங்கிற கடையோ உது எண்டு நக்கலடிக்கிறார்."

துஷ்யந்தன் வாய்விட்டுச் சிரித்தான். சீதேவிக்கும் சிரிப்பு வந்தது. அண்ணை ஊரில் இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார். நிலாந்தி தன் புருசனைக் கேட்கவேண்டுமாம். அந்த மனிசன் இலேசில் வாய் திறக்காதாம். கடைசி வீட்டுக் கிழவர் காப்புறுதி என்றதும் தன்னைச் சாகச் சொல்கிறார்கள் என்று கோபித்துக் கடதாசியைத் தொடவும் இல்லையாம். ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே போனாள். வீடுகள் முடிந்த பிறகும் அவளுக்குச் சொல்ல மிச்சம் இருந்தது.

"நீங்கள் குடுத்துவைச்சனீங்கள், அக்கா," என்றான் அவன். "நாங்கள் டவுனில பக்கத்து வீட்டுக்காரற்றை பேரும் தெரியாமல் இருக்கிறம். அடுத்தமுறை வரேக்க எல்லாரையும் கண்டு கதைக்கிறன்."

"வாரும். வாறதுக்கு முன்னம் ஒருக்காப் போன் எடும். அண்ணை ஒரு இடத்தில நிக்கமாட்டார்."

போனை வைத்துவிட்டு ஸ்பானரை எடுத்தாள். களவுக்கு வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து இதுதான் வழக்கம். வயரையும் பெல்ட்டையும் கழற்றி, மோட்டரைப் பிடித்திருந்த நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, அதைச் சாக்கில் இறக்கி முற்றத்தால் இழுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். காலையில் திரும்ப இழுத்துப்போய்ப் பொருத்தவேண்டும். கட்டிலோடு அணைத்து நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க இருந்தபடி அதன்மேல் கையை வைத்தாள். பகல் முழுக்க ஓடியது. சூடு இன்னும் ஆறவில்லை. கையை எடுக்காமல் இருந்தாள்.