சுவரில் ஒட்டிய மூன்று கேள்விகள்

முதுகுவலி என்று யார் வந்தாலும் அவசரப் பிரிவின் மூத்த நர்ஸ் மூன்று கேள்விகளைக் கேட்காமல் விடமாட்டாள். மூத்திரம் போகாமல் அடைக்கிறதா? உட்காரும் இடம் மரத்துப்போயிருக்கிறதா? கால் துவளுகிறதா? மூன்றில் எதற்கு ஆமாம் என்றாலும் முதுகெலும்பின் அடியில் நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கலாம். உடனே ஸ்கேன், உடனே ஆபரேஷன். தாமதித்தால் போனது போனதுதான். அந்தக் கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னவளும் அவள்தான். ஏணி போட்டு ஏறி ஒட்டியவன் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவன்.

அவனுக்கு வார்டு முழுக்க ‘லீவு லெட்டர்’ என்று பெயர். மாதம் தவறாமல் முதுகுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பான். அதனால் செவ்வாய்க்கிழமை காலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் மேசை முன்னால் வந்தபோது யாரும் பதறவில்லை.

“வாய்யா! இந்த மாச லெட்டர் இன்னும் வரலையேன்னு பாத்தேன்.”

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான்.

“இந்தத் தடவை ஒரு மாதிரியா இருக்குக்கா...”

“எந்தத் தடவை நல்ல மாதிரியா இருந்துச்சு? திரும்பு.”

சீட்டு கிடையாது, பதிவேட்டில் எழுத்து கிடையாது. நம்ம ஆளுக்கு எதற்கு அதெல்லாம்! வலி ஊசி ஒன்றைக் குத்தி அனுப்பினாள். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, சுவரில் அந்தக் காகிதத்தின் கீழே கொஞ்ச நேரம் நின்றான்.

“இன்னும் என்னய்யா?”

“ஒண்ணுமில்லக்கா.”

வியாழக்கிழமை, அவன் தினமும் தள்ளிய ஸ்ட்ரெச்சரிலேயே அவனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கால் இரண்டும் அசையவில்லை. அடிவயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. அவள் ஓடிவந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள்.

“மூத்திரம் எப்பலேருந்துய்யா போகல?”

“திங்கக்கெழமையே சரியாப் போகலக்கா. அப்பவே உக்கார்ற எடமும் மரத்துப்போச்சு.”

“அடப்பாவி, அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“அத்தனை பேர் சிரிக்கிறப்ப இத எப்படிக்கா சொல்றது? நீங்கதான் எல்லார்கிட்டயும் கேப்பீங்களே. என்கிட்டயும் கேப்பீங்கன்னு நின்னேன்.”

ஸ்கேனைப் பார்த்த பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

“ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா நடக்க வெச்சிருக்கலாம். இனிமே சொல்றதுக்கில்ல.” பதிவேட்டைப் புரட்டினார். “இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

நர்ஸ் மூத்திரக் குழாயை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள். அவன் அவளை ஒரு தரம் பார்த்தான்.

“இல்ல சார். இன்னிக்குத்தான் வர்றேன்.”

“ஆஸ்பத்திரியிலயே வேலை பாக்குறீங்க, இதுகூடவா தெரியல? செவுத்துல அவ்வளவு பெருசா ஒட்டியிருக்கே!”

“தப்புதான் சார்,” என்றான்.

இப்போதாவது அவள் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறக்கவில்லை. ஊரையெல்லாம் கேள்வி கேட்ட வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அவனுக்குப் போட வேண்டிய மூத்திரக் குழாயின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.